அக்கா கடைசியாகக் கேட்டது

மாவிலித்துறையில் லோஞ்சு வந்து கட்டியபோது உச்சி வெயில். மூட்டை முடிச்சு, கோழிக்கூடு, பாண் பெட்டி என்று எல்லாம் இறங்கிய பிறகுதான் விநாயகமூர்த்தி இறங்கினார். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் பொதுவாக இறங்குவதற்கு அவசரப்படுவார்கள். கடல் அப்படிக் குலுக்கி எடுத்திருக்கும். அவருக்கு அவசரம் இருக்கவில்லை. அக்காவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு வந்திருந்தார். ஊருக்குச் சொன்ன காரணம் அதுதான்.

சொல்லாத காரணம் இன்னொன்று இருந்தது. மருந்தை விடுவதற்கு வந்திருந்தார்.

குருநாகலில் கடை வைத்திருந்த மனிதர். சாமான் ஏற்றப் போன லொறி புரண்டு முதுகெலும்பில் அடி. பெரிய டொக்டர்தான் பெத்திடின் ஊசி எழுதிக் கொடுத்தார். வலி போய்விட்டது. வலி போன பிறகும் ஊசி போகவில்லை. தானே தனக்குப் போடப் பழகினார். ஒரு டொக்டர் மறுத்தால் இன்னொரு டொக்டரிடம் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நடிப்பில் அவர் வலு கெட்டிக்காரர். கடையைக் கவனிக்க ஆளில்லாமல் கடை போனது. பிறகு மனைவி கமலாதேவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். "மருந்தை விட்டிட்டு வாங்கோ. விடாட்டி இந்தப் படலையைத் திறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் ஒளிக்காமல் பேசினார். "மருந்துக்கடை இல்லாத இடமாப் பாத்துப் போய்ப் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடவும். சாகமாட்டீர். செத்தால் நல்லது எண்டு நினைப்பீர். அவ்வளவுதான்."

கடல் சூழ்ந்த நெடுந்தீவை விட நல்ல இடம் ஏது? ஆனால் அங்கே அவருக்குத் தங்க இருந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில்தான் அவர் அதைச் செய்திருந்தார்.

அவருடைய அக்கா இலட்சுமிப்பிள்ளை. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். போன வருடம் அவளுக்கு வயிற்றில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை, நோகாமல் போகட்டும் என்று பெட்டி நிறையப் பெத்திடின் குப்பிகளைக் கொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி போடத் தெரிந்த தம்பி இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அனுப்பினார்கள். அக்காவின் மகள் மனோகரி சிரிஞ்சைக் குசினியில் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். முதல் முதல் பாதி மருந்து அக்காவுக்கு, பாதி தனக்கு. பிறகு அதுவும் இல்லை. மனோகரி கொதிக்க வைத்த வெறும் தண்ணீர் அக்காவின் கையில் ஏறியது. மருந்து முழுவதும் தம்பியின் தொடையில் ஏறியது.

"தம்பி, இண்டைக்கு மருந்து கேக்கேல்லைப் போல கிடக்கு, நோ விடுகுதில்லை. இன்னொண்டு போடன்" என்பாள் அக்கா.

"பொறு அக்கா, இப்ப கேக்கும்" என்பார் அவர். சொல்லும்போதே அவருக்குக் கண் சொருகும்.

அப்படித்தான் அவள் செத்தாள். இதைவிடக் கேவலமான ஒன்றை ஒரு மனிதனால் செய்ய முடியுமா என்று அவரே பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை.

அவள் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று இன்னொன்றும் நடந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் கடைசியாக வாய்விட்டுக் கேட்ட பொருளைப் படையலில் வைத்து, பொழுதுபடும் நேரம் சந்தியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். கேட்டதைக் கொடுக்காவிட்டால் போன ஆள் வாசலைத் தாண்டாது என்பார்கள். பக்கத்து வளவு நாகமுத்து இலையைப் போட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, நீர்தானே கடைசியாப் பக்கத்திலை நிண்டனீர். என்ன கேட்டவ?"

எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள்.

"செவ்விளநீர்" என்றார் விநாயகமூர்த்தி.

இலையில் செவ்விளநீர் வைத்தார்கள்.

முருகைக்கல் மதில்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையால் அவர் வீட்டுக்கு நடந்து வந்தபோது, எல்லாம் பழையபடிதான் இருந்தது. மதிலின் மேல் காகங்கள், மதிலுக்கு அப்பால் கட்டாக்காலியாக மேயும் குதிரைகள். மனோகரி படலை வரைக்கும் ஓடிவந்து பையை வாங்கினாள். கலியாணம் முடித்தவள். புருசன் சிவபாதம் தென்பகுதியில் கடையில் நிற்கிறான். பொழுதுபட்டால் நாகமுத்து துணைக்குப் படுக்க வருவாள்.

"என்ன மாமா, இப்பிடி மெலிஞ்சு போனியள்?"

"வயசு போகுது பிள்ளை."

"உங்களைப் பற்றித்தான் எல்லாரிட்டையும் சொல்லுறனான். பெத்த மகள் நானே அம்மாவின்ரை கட்டிலடியிலை நிக்க ஏலாமல் ஓடினனான். நீங்கள்தான் நிண்டு பாத்தனீங்கள். உங்கட ஊசியும் இல்லாட்டி அம்மா என்ன பாடு பட்டிருப்பா!"

அவர் முகம் கழுவப் போவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க ஏலவில்லை.

விறாந்தையோடு சேர்ந்த சின்ன அறையில் அவருக்குப் பாய் போட்டிருந்தாள். அடுத்த அறை அக்காவுடையது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அந்தக் கயிற்றுக் கட்டில் இன்னும் கிடக்கிறது என்றாள் மனோகரி. எடுத்து எறிய மனம் வரவில்லையாம்.

கடைசி ஊசியை யாழ்ப்பாணத்தில் போட்டுவிட்டு வந்திருந்தார். கடைசி என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். சவரப் பெட்டிக்குள், பஞ்சில் சுற்றி, ஒரு குப்பி இருந்தது. சிரிஞ்சும் இருந்தது. உயிர் போகிற நிலை வந்தால் மட்டும் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டு எடுத்து வந்தார். அவருடைய சத்தியங்களின் பெறுமதி அவருக்குத் தெரியும்.

பின்னேரமே கொட்டாவி வரத் தொடங்கியது. மூக்கும் கண்ணும் ஒழுகின. பிறகு குளிர். வைகாசி வெயிலில் போர்வைக்குள் நடுங்கினார். விடிந்தபோது எலும்புக்குள் யாரோ கம்பி விட்டுக் குடைவது போல இருந்தது. வயிறு கழன்று ஓடியது. கால்கள் தாமாக உதைத்தன. மனோகரி காய்ச்சல் என்று நினைத்து மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்ததை அப்படியே சத்தியெடுத்தார்.

அன்று மத்தியானம்தான் முதலில் கேட்டது.

காற்று விழுந்திருந்தது. காகம்கூடக் கத்தவில்லை. மனோகரி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த அறைக்குள் கட்டில் கயிறு மெல்ல நெரிந்தது. நெடுநேரம் ஒரே பக்கம் படுத்த ஒருவர் மறுபக்கம் திரும்புகிற சத்தம்.

பிறகு ஒரு முனகல்.

பல்லைக் கடித்து அடக்கி, அடக்க முடியாமல் மூக்கால் வருகிற முனகல். அது அவருக்குப் பாடமான முனகல்.

"பிள்ளை!" என்று கத்தினார். மனோகரி மீன் கையோடு ஓடிவந்தாள்.

"அந்த அறைக்குள்ளை ஆர்?"

"ஒருத்தருமில்லை மாமா. ஏன்?"

"முனகுறது கேக்கேல்லையே?"

அவள் நின்று கேட்டாள். கதவைத் திறந்தும் பார்த்தாள். "காய்ச்சல் தலைக்கு ஏறிட்டுது. கண்ணை மூடிக்கொண்டு படுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திறந்த கதவால் ஒரு மணம் வந்தது. பூட்டிக் கிடந்த அறையின் புழுக்க மணம் அல்ல. ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட்டின் மணம். இப்போதுதான் தடவியது போல ஈரமாக இருந்தது.

திவசத்துக்கு முதல் நாள் வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி அன்று பொழுதுபடப் படைக்க வேண்டும். மனோகரி காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். இடையில் வந்து எட்டிப் பார்த்து, "நாகமுத்து மாமியின்ரை வளவிலை செவ்விளநீர் ஒரு குலை சொல்லி வைச்சிருந்தனான் மாமா. அம்மா ஆசைப்பட்டுக் கேட்டதெல்லே. சந்திக்கு நீங்கள்தான் கொண்டுபோக வேணும். ஏலுமே?" என்றாள்.

"ஓம்" என்றார். சொல்லும்போது பல் கிடுகிடுத்தது.

மத்தியானம் அவருடைய உடம்பு அவரைத் தோற்கடித்தது. டொக்டர் சொன்னது சரி. செத்தால் நல்லதென்றுதான் இருந்தது. கமலாதேவியை நினைத்தார். பிள்ளைகளை நினைத்தார். நினைத்துக்கொண்டே சவரப் பெட்டியைத் திறந்தார். கதவைச் சாத்தினார். பஞ்சைப் பிரித்துக் குப்பியை எடுத்தார். சின்ன அரத்தால் அதன் கழுத்தைச் சுற்றி ஒரு கீறு கீறினார். இனி ஒரு விரல் அழுத்தினால் போதும், கழுத்து ஒடிந்து மருந்து கைக்கு வந்துவிடும்.

அடுத்த அறையில் முனகல் நின்றது.

சுவருக்கு அப்பால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கோ தம்பி?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் பயங்கரம். சாபம் போட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஊசியைப் போட்டிருப்பார். இது ஆசையோடு கேட்கிற குரல். கடைசி நாட்களில், குப்பியின் சத்தம் கேட்டதும் தலையணையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பாளே, அந்த முகத்தோடு வந்த குரல்.

"எனக்குத்தானே தம்பி?"

விநாயகமூர்த்தி பாயில் இருந்தபடியே அழுதார். ஒழுகுகிற மூக்கும் கண்ணும் ஒன்றாகின. அழுதுகொண்டே சிரிஞ்சைச் சுவரில் குத்தி ஊசியை வளைத்தார். அதன் கண்ணாடிக் குழலைக் காலால் மிதித்து நொறுக்கினார். குப்பியை உடைக்கவில்லை. அதைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்குத்தான் அக்கா" என்றார்.

படையல் இலையில் சோறு, ஒட்டி மீன் குழம்பு, கீரை, வடை, வெற்றிலை எல்லாம் இருந்தன. தலை சீவிய செவ்விளநீர் ஓரத்தில் இருந்தது. மனோகரி கற்பூரம் கொளுத்திவிட்டுக் கும்பிட்டாள். அவள் கண்ணை மூடிய நேரத்தில் அவர் குப்பியை வெற்றிலைக்குக் கீழே செருகினார். வெறும் ஒரு குப்பி. அதைக் கைவிட்டபோது கைவிரலை அறுத்து வைத்தது போல இருந்தது.

இலையைப் பனையோலைக் கடகத்தில் தூக்கிக்கொண்டு சந்திக்கு நடந்தார். சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது. கால்கள் பின்னின. மதிலைப் பிடித்துப் பிடித்துத்தான் போனார். மூன்று ஒழுங்கைகள் சேரும் இடத்தில் கடகத்தை வைத்தார்.

திரும்பினார்.

வீட்டை நோக்கி நடந்தார்.

இன்னும் நேரமிருக்கிறது, ஓடிப்போய் எடுக்கலாம் என்று உடம்பு முழுவதும் அவரைப் பின்னுக்கு இழுத்தது. வாய்விட்டு அழுதபடியே முன்னுக்கு நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் இலை சரசரத்தது.

நாய் என்று நினைத்தார்.

டிக்.

மெல்லிய கண்ணாடி ஒடிகிற சத்தம். எத்தனை குப்பிகளை உடைத்த கை அவருடையது, அந்தச் சத்தத்தை அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. ஒழுங்கையில் ஒரு மனித சீவன் இல்லை.

அதன் பிறகு ஒரு பெருமூச்சு. நெடுநாள் நோ ஒன்று கைகால் எல்லாம் விட்டு இறங்கும்போது வருகிற மூச்சு. அது அவருடைய பிடரியில் சூடாகப் பட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுப் படலையில் மனோகரி செம்பில் தண்ணீரோடு நின்றாள். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அக்காவின் அறை அமைதியாக இருந்தது. அவரும் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கண் அயர்ந்தார்.

காலையில் போய்ப் பார்த்தார். சோற்றையும் மீனையும் காகம் தின்று, நாய் நக்கியிருந்தது. இளநீரில் ஒரு துளி குறையவில்லை. குப்பி மதிலடியில் கிடந்தது. கழுத்து சீராக ஒடிந்திருந்தது. உள்ளே காய்ந்து கிடந்தது. அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டு ஆட்கள் பார்க்குமுன் திரும்பினார்.

திவசம் முடிந்தது. வயிற்றோட்டம் நின்றது. நடுக்கம் விட்டது. ஒடியல் கூழ் வாயில் ருசித்தது. பனையோலைப் பிளாவில் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். கண்ணாடியில் பார்த்தபோது, பழைய கடைக்கார விநாயகமூர்த்தி கொஞ்சம் மெலிந்து நின்றார். மருந்தின் நினைவு வந்தது. வந்தது போலவே போனது. அக்காவின் அறைக் கதவைத் தானே திறந்து, யன்னலையும் திறந்து காற்றோட்டம் விட்டார். ஒரு சத்தமும் இல்லை. கேட்டதெல்லாம் மருந்து இறங்கின உடம்பின் பிதற்றலாகவும் இருக்கலாம். இல்லாவிட்டால் அக்கா கேட்டதை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். எப்படிப் பார்த்தாலும் தான் விடுபட்டாயிற்று என்று தீர்ப்பு எழுதிக்கொண்டார். குற்றம் செய்தவனே தீர்ப்பும் எழுதினால் விடுதலை சுலபமாகத்தான் கிடைக்கும்.

மனோகரியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு தரம் நினைத்தார். வாய் வரைக்கும் வந்தது. அவள் அவருக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அன்பை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. இனிச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று சோற்றைப் பிசைந்தார்.

புறப்படும் நாள் காலை. கமலாதேவியின் படலையில் போய் நிற்கப் போகிறார். இந்தத் தடவை படலை திறக்கும். சவரம் எடுத்து, வெள்ளை வேட்டி உடுத்திக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். மனோகரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் கோப்பையை வாங்கினார். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். கண் குழிந்து, முகம் கறுத்துப் போயிருந்தது.

"என்ன பிள்ளை, சுகமில்லையே?"

"நித்திரை இல்லை மாமா." அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு ஒண்டும் கேக்கிறேல்லையே?"

"என்னது?"

"அம்மா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"படைச்ச அண்டைக்கு இரவு அந்த அறை அமைதியாத்தான் இருந்தது. விடியப்புறம் துவங்கினது. காத்து எண்டு நினைச்சன். அடுத்தடுத்த நாளும் விட்டபாடில்லை. நாகமுத்து மாமி பக்கத்திலை கிடந்து நித்திரை கொள்ளுறா. அவவுக்குக் கேக்கேல்லை. எனக்குத்தான் கேக்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப பேசவும் துவங்கிட்டா மாமா."

"என்ன… என்ன சொல்லுறா?"

"'பிள்ளை, மாமாவை இன்னொரு ஊசி போடச் சொல்லு. சந்தியிலை தந்தது நல்லாக் கேட்டது. நோ அப்பிடியே விட்டிட்டுது. இப்ப மருந்து தெளிஞ்சு திரும்பவும் நோகுது' எண்டுறா."

கடலின் பக்கமிருந்து லோஞ்சு ஊதியது. அவர் எழும்பவில்லை.

"இன்னொண்டும் சொன்னா. அதுதான் எனக்கு விளங்கேல்லை." மனோகரி அவரையே பார்த்தாள். அந்தக் கண்களில் சந்தேகம் இல்லை. அவர் சொல்வதை அப்படியே நம்புவதற்குத் தயாரான கண்கள். "'முந்திக் கட்டிலிலை வைச்சுப் போட்ட ஊசியள் ஒண்டும் கேக்கேல்லை. ஏன் எண்டு மாமாவைக் கேட்டுச் சொல்லு' எண்டுறா. நான்தானே மாமா ஒவ்வொருக்காலும் சிரிஞ்சு அவிச்சுத் தந்தனான். மருந்து முழுக்க நீங்கள்தானே போட்டனீங்கள். பிறகேன் மாமா கேக்கேல்லை?"

விநாயகமூர்த்தி வாயைத் திறந்தார். ஒரு பொய் தயாராக இருந்தது. அவருக்கு எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். அது நாக்குக்கு வரவில்லை.

அடுத்த அறைக்குள் கட்டில் கயிறு நெரிந்தது. இந்தத் தடவை இரண்டு பேருக்கும் கேட்டது. யாரோ கையை ஊன்றி, மெல்ல எழும்பி, பதிலைக் கேட்பதற்காகக் கதவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.